ஒரே குழந்தை, ஒரே ரொட்டீன், போட்டிக்குப் போட்டி வேற ஸ்கோர்: எதனால?

#1 கார்ட்வீல்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு 9 வயசு, ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பண்றா. இந்த சீசன்ல ரெண்டு போட்டிக்குப் போனோம். ரொட்டீன், அதாவது வரிசையா பண்ற அசைவுங்க, அதேதான், கோச்சும் அதே கோச்தான், ரெண்டு இடத்துலயும் பீம்ல (ஏறி நின்னு ஆடற ஒல்லியான உயரக் கட்டை) இருந்து விழலை. முதல் போட்டியில பீம் ஸ்கோர் 9.2, கழுத்துல பதக்கம். ரெண்டாவதுல 8.35, பதினெட்டாவது இடம். வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. இப்போ மூணாவதா ஒரு போட்டிக்குப் பேர் குடுக்கச் சொல்றாங்க. அதோட போன வருஷ ரிசல்ட்டைப் பார்த்தா ஜெயிச்ச பிள்ளைக்கு பீம்ல 11.4னு இருக்கு! பத்துக்கு மேல எப்படிப் போகும்?

கோச்கிட்ட கேட்டா "போட்டின்னா எல்லாம் போட்டிதான் மேடம், அனுபவத்துக்குப் போய்ட்டு வாங்க"ங்கிறார். எனக்கு அப்படித் தெரியலை. ஒண்ணுக்கொண்ணு என்னதான் மாறுது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 பழைய_பீம்

முதல்ல அந்த 11.4ஐப் பார்த்துடுவோம். பாதிக் குழப்பம் அதுலயே தீர்ந்துடும்.

ஜிம்னாஸ்டிக்ஸ்ல இப்போ ரெண்டு விதமான கணக்கு ஓடுது. ஒண்ணு பழைய 10. அந்த லெவலுக்குத் தேவையானது எல்லாம் ரொட்டீன்ல இருந்தா 10ல ஆரம்பிச்சு, தப்புக்குத் தப்பு கழிச்சுட்டே வருவாங்க. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்ல நாடியா கொமனேச்சி 14 வயசுல வாங்கினது இந்த 10தான். ஸ்கோர் போர்டுல 10 காட்ட வசதியில்லாம 1.00னு வந்துச்சே, அது.

இன்னொண்ணு 2006ல இருந்து எஃப்ஐஜி, அதாவது சர்வதேசக் கூட்டமைப்பு, வச்சிருக்கிற முறை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல ஆண்கள் ஆல்-அரவுண்ட், அதாவது எல்லாக் கருவியும் சேர்ந்த போட்டியில தென் கொரியாவோட யாங் டே-யங் பேரலல் பார்ஸ்ல (ரெண்டு இணைக் கம்பி) பண்ண ரொட்டீனை 10ல ஆரம்பிக்கிறதுக்குப் பதிலா 9.9ல ஆரம்பிச்சுட்டாங்க. தங்கம் அமெரிக்காவோட பால் ஹாம்முக்குப் போச்சு, பெரிய ரகளை ஆச்சு. அதுக்கப்புறம்தான் 10ஐ உடைச்சாங்க. இப்போ கடினத்துக்குத் தனி மார்க், அது டி ஸ்கோர், அதுக்கு மேல்வரம்பே கிடையாது. எவ்வளவு சுத்தமா செஞ்சாங்கங்கிறதுக்குத் தனி மார்க், அது இ ஸ்கோர், 10ல இருந்து கழிக்கிறது. ரெண்டையும் கூட்டினா மொத்தம்.

ஆக 11.4ங்கிறது டி 3.0, இ 8.4ஆ இருக்கலாம். உங்க பொண்ணோட 9.2 பழைய கணக்கு. ரெண்டையும் ஒரே காகிதத்துல எழுதி ஒப்பிடவே கூடாது.

அமெரிக்காவுல இந்த ரெண்டு கணக்கும் அக்கம்பக்கமா ஓடுது. 1 முதல் 10 வரைக்கும் லெவல் இருக்கிற டெவலப்மென்ட் புரோகிராம்ல பழைய 10. அதுக்கும் மேல இருக்கிற எலீட்டுக்குப் போனா எஃப்ஐஜி கணக்கு. லெவல் 10ல நாலு கருவிக்கும் சேர்த்து 37 வாங்கினா பிரமாதம்னு சொல்வாங்க. எலீட்ல 37 வாங்கினா என்ன ஆச்சு, அடிபட்டுதான்னு விசாரிப்பாங்க.

#3 நடுவர்_மேசை

பழைய_பீம் சொன்னது சரி. ஆனால் கேள்வி 11.4 பற்றியது மட்டும் அல்ல. 9.2, 8.35 இரண்டுமே 10 கணக்கில் வந்தவை. அந்த 0.85 எங்கே போனது என்பதுதான் அம்மாவின் உண்மையான கேள்வி. நான் நடுவராக இருப்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கழிக்கும் அளவே விதிநூலுக்கு விதிநூல் மாறும். எஃப்ஐஜி விதியில் விழுந்தால் 1.0 போகும். அமெரிக்க டெவலப்மென்ட் புரோகிராமில் அதே விழுகைக்கு 0.5தான். முழங்கால் மடங்கினால் எஃப்ஐஜி விதியில் 0.1, 0.3, 0.5 என்று மூன்று படிகள். அமெரிக்க லெவல்களில் 0.3 வரை, அதற்குள் நடுவரின் கணிப்பு. "10 கணக்கு" என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, ஒவ்வொரு அமைப்பும் தன் வசதிக்கு ஏற்றபடி கழிப்புப் பட்டியலை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறது.

அடுத்தது மேசையில் எத்தனை பேர் என்பது. பெரிய சர்வதேசப் போட்டியில் டி ஸ்கோருக்குத் தனிக் குழு, இ ஸ்கோருக்குத் தனிக் குழு. இ குழுவில் அதிகபட்சமாகக் கொடுத்தவரையும் குறைந்தபட்சமாகக் கொடுத்தவரையும் நீக்கிவிட்டு மீதியின் சராசரி எடுப்பார்கள். ஒருவர் கண் அயர்ந்தாலும் ஸ்கோர் பெரிதாக ஆடாது. சிறுவர் போட்டிகளில் ஒரு கருவிக்கு இரண்டு நடுவர்கள் இருந்தால் நல்லது, பல இடங்களில் ஒருவர்தான். ஒருவர் மட்டும் இருக்கும்போது அவர் உட்கார்ந்திருக்கும் கோணமே ஸ்கோரின் பகுதியாகிவிடுகிறது. பீமின் முனையிலிருந்து பார்ப்பவருக்கு லீப் எனும் தாவலில் கால்கள் 180 பாகை விரிந்தனவா என்பது சரியாகத் தெரியாது.

0.85 என்றால் பெரிய தவறு நடந்திருக்க வேண்டியதில்லை. கால் விரல் நீளவில்லை, லீப் சற்றுக் குறைவு, இரண்டு இடத்தில் தடுமாற்றம், திருப்பம் முழுமையாகவில்லை. ஒரு நடுவர் இவற்றில் பாதியை எழுதுவார், இன்னொருவர் முழுவதையும் எழுதுவார். நான் முழுவதையும் எழுதுகிற ரகம், சொல்லிவிடுகிறேன்.

#4 மறுபக்கம்

சுருக்கமா சொன்னா, தாராள மனசுள்ள நடுவர் இருக்கிற போட்டியா தேடிப் பிடிச்சுப் போகணும். அப்படித்தானே? நிறைய க்ளப் அதைத்தான் பண்ணுது. மேல்நிலைப் போட்டிக்குப் போக இவ்வளவு ஸ்கோர் வேணும்னு வரம்பு வச்சிருக்கிற இடங்கள்ல எந்தப் போட்டியில சுலபமா அந்த ஸ்கோர் கிடைக்கும்னு கோச்சுங்க கிட்ட ஒரு பட்டியலே இருக்கும். யாரும் வெளியே சொல்ல மாட்டாங்க.

#5 பழைய_பீம்

இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா தாராளமா குடுத்தா அந்த ஹால்ல இருக்கிற எல்லாருக்கும்தான் தாராளம். இடம் மாறாது. அதனால ஸ்கோரை விட இடத்தைப் பாருங்கன்னு சொல்லுவேன். அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. கார்ட்வீல்_அம்மா, பதினெட்டாவதுன்னீங்களே, எத்தனை பேர்ல பதினெட்டு? முதல் போட்டியில பதக்கம் வாங்கினப்போ அவ குரூப்ல எத்தனை பேர்?

#6 கார்ட்வீல்_அம்மா

இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன் சார். முதல் போட்டியில 9 வயசுக்குன்னு தனி குரூப். மொத்தமே 5 பேர், அதுல இவ மூணாவது. ரெண்டாவதுல 8 முதல் 10 வயசு வரைக்கும் ஒரே குரூப், 41 பேர். அடடா.

#7 பழைய_பீம்

பார்த்தீங்களா. 5 பேர்ல மூணாவதும் 41 பேர்ல பதினெட்டாவதும் எது பெரிசுன்னு யோசிச்சா விடை வேற மாதிரி வருது. பாப்பாகிட்ட இதைச் சொல்லுங்க, 9 வயசுக்கு நல்லாப் புரியும்.

போட்டி நடத்துறவங்க குரூப் பிரிக்கிறதுலதான் பாதி வித்தியாசம். சிலர் வயசை வச்சுப் பிரிப்பாங்க, சிலர் லெவலை வச்சு, சிலர் ரெண்டையும் வச்சு. வந்திருக்கிற பிள்ளைங்களைப் பிறந்த தேதி வரிசையில நிறுத்தி, சமமான கூட்டமா வெட்டுறவங்களும் உண்டு. அந்த மாதிரி இடத்துல எந்த குரூப்னு போட்டிக்கு ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் தெரியாது.

#8 ஆறு_கருவி

பையன் அப்பா பேசுறேன். இழையில எல்லாரும் பீம், பீம்னே பேசிட்டிருக்கீங்க. எங்க பசங்களுக்கு பீமே கிடையாது.

பெண்களுக்கு ஓடி வந்து தாவுற வால்ட், ஏறி இறங்கின ரெண்டு கம்பியான அன்ஈவன் பார்ஸ், பீம், தரையில ஆடற ஃப்ளோர்னு நாலு. பசங்களுக்கு ஃப்ளோர், கைப்பிடி வச்ச பாம்மல் ஹார்ஸ், தொங்குற வளையமான ரிங்ஸ், வால்ட், பேரலல் பார்ஸ், ஹை பார்னு ஆறு. ஆறு கருவியும் முழுசா இருக்கிற ஹால் கிடைக்கிறதே கஷ்டம். அதனால சில இளையோர் போட்டியில மூணு இல்ல நாலு கருவி மட்டும் வைப்பாங்க, "ஆல்-அரவுண்ட் சாம்பியன்"னு கோப்பையும் குடுப்பாங்க. பாம்மல் ஹார்ஸ் இல்லாத ஆல்-அரவுண்டை எங்க கோச் கணக்குலயே எடுத்துக்க மாட்டார். பையனுக்கு பாம்மல் வராதுங்கிறதால எனக்கு அந்தப் போட்டிங்கதான் பிடிக்கும், அது வேற விஷயம்.

வயசுலயும் பெரிய வித்தியாசம். பெண்களுக்கு 16 வயசு ஆகுற வருஷம் சீனியர். பசங்களுக்கு 18. அதனால பசங்க ஜூனியர்ல 14 வயசுக்காரனும் 17 வயசுக்காரனும் ஒரே ரிங்ஸ்ல தொங்குவாங்க. மீசை முளைச்சவனும் முளைக்காதவனும். ரிங்ஸ்ல தசை இல்லாம நிக்கவே முடியாது. ஒரே வயசுப் பிரிவுன்னு பேரு, பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருப்பாங்க.

#9 நடுவர்_மேசை

ஆறு_கருவி தொட்ட வயது விஷயத்தில் ஒரு சேர்க்கை. "எத்தனை வயது" என்பதைவிட "எந்தத் தேதியில் எத்தனை வயது" என்பதைப் பாருங்கள். எஃப்ஐஜி பிறந்த ஆண்டை மட்டும் பார்க்கும். ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே வயதுதான். சில தேசிய அமைப்புகள் போட்டி நாளன்று என்ன வயது என்று பார்க்கும். பள்ளிப் போட்டிகளுக்குக் கல்வியாண்டின் கணக்கு. ஒரே குழந்தை ஒரே மாதத்தில் ஓரிடத்தில் 10 வயதுக்கு உட்பட்டவள், வேறிடத்தில் 11 வயதுப் பிரிவு.

மேல்மட்டத்தில் இந்த எல்லை நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பெண்களுக்கு 1981இல் 14இலிருந்து 15 ஆனது, 1997இல் 16 ஆனது. சீனாவின் டொங் ஃபாங்சியாவ் 2000 சிட்னியில் 14 வயதில் ஆடினார் என்று பின்னர் உறுதியாகி, சீன அணியின் வெண்கலம் 2010இல் பறிக்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழை அசலாகக் காட்டச் சொல்லும் போட்டியில் யாரும் கோபப்படாதீர்கள்.

#10 கார்ட்வீல்_அம்மா

இவ்வளவு இருக்கா! எனக்கு இன்னொரு சந்தேகம். ரெண்டாவது போட்டியில பீம் "ஆடுது", ஃப்ளோர் "தூக்கி அடிக்குது"ன்னு பொண்ணு சொன்னா. சாக்குன்னு நினைச்சேன். கருவி கூட மாறுமா? அளவு ஒண்ணுதானே?

#11 பழைய_பீம்

சாக்கு இல்லை அம்மா. நம்புங்க.

அளவு ஒண்ணுதான். பீம் 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், தரையில இருந்து 1.25 மீட்டர் உயரம். ஃப்ளோர் 12க்கு 12 மீட்டர். ஆனா அளவு ஒண்ணா இருந்தா உணர்வு ஒண்ணா இருக்கணும்னு இல்லை. ஃப்ளோருக்கு அடியில ஸ்பிரிங் இருக்கு. புதுசுன்னா தூக்கும், பல வருஷம் மிதிபட்டதுன்னா இழுக்கும். பிராண்டுக்கு பிராண்டும் மாறும், ஸ்பீத்ல பழகின பிள்ளைக்கு ஜிம்னோவா மேல ஏறினதும் முதல் டம்பிளிங் பாஸ்லயே (ஓடி வந்து தொடர்ந்து போடற கரணங்கள்) தெரிஞ்சுடும். பீம்ல மேல் உறையோட வழவழப்பு, பார்ஸ்ல கம்பியோட வளைவு, எல்லாமே மாறும். ரொட்டீனை மாத்தாம போனீங்க, சரி. ஆனா அவ உடம்பு அந்த இடத்துக்குத் தகுந்தபடி நேரத்தை மாத்திக்கணும். அதுக்கு வார்ம்-அப் வேணும்.

வார்ம்-அப்லதான் போட்டிங்க ரொம்ப வேறுபடும். யாரும் பேசாத விஷயம் இது, அதனால கொஞ்சம் நீட்டறேன். ஒரு வகையில எல்லாப் பிள்ளைங்களும் காலையிலயே நாலு கருவியிலயும் சுத்தி வார்ம்-அப் பண்ணிட்டு, அப்புறம் அணிவகுப்பு, பாட்டு, பேச்சு எல்லாம் முடிஞ்சு போட்டி. பீம் கடைசியா வர்ற பிள்ளை ரெண்டு மணி நேரம் கழிச்சு உடம்பு ஆறிப்போய் ஏறுவா. இன்னொரு வகையில ஒவ்வொரு கருவிக்கும் போட்டிக்குச் சற்று முன்னாடி அங்கேயே வார்ம்-அப். ஆளுக்கு 30 விநாடி குடுத்துட்டு மணி அடிச்சிடுவாங்க. 30 விநாடியில பீம்ல என்ன செய்யறதுன்னு பயிற்சியிலயே பழக்கியிருக்கணும், இல்லைன்னா பிள்ளை ஏறி நின்னு முழிச்சுட்டு இறங்கிடுவா. நான் பார்க்கிற பிள்ளைங்கள்ல முதல் வகைக்குப் பழகினவங்க ரெண்டாவது வகையில திணறாம இருந்ததே இல்லை.

பெரிய போட்டின்னா பொடியம். ஹால் தரையில இருந்து சுமார் ஒரு மீட்டர் உயர மேடை, அதுமேல கருவி. மேடையே கொஞ்சம் துள்ளும், அதனால ஃப்ளோர் இன்னும் தூக்கும். சுத்தி விளக்கு, கேமரா, கோச் கீழே. அதனாலதான் முந்தின நாள் பொடியம் பயிற்சின்னு தனியா வைக்கறாங்க. உங்க பொண்ணு சொன்ன "ஆடுது" அதுவா கூட இருக்கலாம், மேடை இருந்துச்சான்னு கேளுங்க.

அளவையே தப்பா வச்ச கதையும் உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் பெண்கள் ஆல்-அரவுண்ட் இறுதியில வால்ட் 5 சென்டிமீட்டர் தாழ்வா இருந்துச்சு. உலகத்துலயே சிறந்த பிள்ளைங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா தடுமாறி விழுந்தாங்க. ஆஸ்திரேலியாவோட அலன்னா ஸ்லேட்டர்தான் ஏதோ சரியில்லைன்னு கண்டுபிடிச்சு சொன்னாங்க. ஒலிம்பிக்ஸ்ல நடக்கும்னா சிறுவர் போட்டியில நடக்காதா? எங்க போனாலும் நான் டேப் எடுத்துட்டுத்தான் போவேன்.

#12 ரிப்பன்காரி

ஆர்ட்டிஸ்டிக்ல துள்ளல்னா எங்க ரிதமிக்ல கூரை. பந்து, வளையம், கிளப்ஸ்ங்கிற ஜோடிக் கட்டைங்க எல்லாம் மேலே எறியணும். கூரை தாழ்வா இருந்தா ரொட்டீனையே மாத்தணும். ஏசி காத்து நேரா அடிக்கிற ஹால்ல ரிப்பன் பண்ணிப் பாருங்க, அழுகை வரும். முடிச்சு விழுந்தா அதுக்கு வேற கழிப்பு. ரிப்பன் நீளமும் ஒண்ணில்லை: சீனியருக்கு 6 மீட்டர், ஜூனியருக்கு 5.

சின்னப் பிள்ளைங்களுக்கு பல போட்டியில கருவியே கிடையாது, வெறும் கையோட ஆடணும். "ஃப்ரீ ஹேண்ட்"ம்பாங்க. ஒரே 8 வயசுப் பிள்ளை ஒரு போட்டியில வெறும் கை, இன்னொரு போட்டியில வெறும் கையும் பந்தும். இசையிலயும் வித்தியாசம் உண்டு. எங்களுக்குப் பாடல் வரிகள் உள்ள இசை வைக்கலாம், ஆர்ட்டிஸ்டிக் ஃப்ளோர்ல வார்த்தை வந்தா கழிப்பு. ரெண்டுலயும் பிள்ளைங்க இருக்கிற க்ளப்ல இசை ஃபைலை மாத்தி அனுப்பிட்டு முழிக்கிறதைப் பார்த்திருக்கேன்.

#13 டிராம்ப்_சித்தப்பா

நான் அண்ணன் பையனுக்காக டிராம்போலின் போட்டிகளுக்குப் போறேன். ரொட்டீன்ல 10 அசைவு. நடுவுல டிராம்போலினை விட்டு வெளிய போனா அதுவரைக்கும்தான் கணக்கு. கடினம், செய்நேர்த்தி, காத்துல இருந்த நேரம், நடுவுல இருந்து எவ்வளவு விலகினான், இவ்வளவும் எண்ணுவாங்க. காத்து நேரம் அளக்கிற கருவி எல்லாப் போட்டியிலயும் இருக்காது. அது இல்லாத போட்டியில உயரமா குதிக்கிற பையனுக்கு நஷ்டம். எங்க பையன் உயரமா குதிப்பான், வேற ஒண்ணும் சரியா வராது.

உலக அளவுல வயசுப் பிரிவுக்குன்னே ஒரு போட்டி இருக்கு. 11-12, 13-14, 15-16, 17-21னு. சீனியர் உலகப் போட்டி நடக்கிற இடத்துலயே அதை ஒட்டி நடத்துவாங்க. சின்னப் பசங்களுக்கு தன் ஹீரோவை வார்ம்-அப் ஹால்ல பார்க்கிற வாய்ப்பு.

#14 மறுபக்கம்

எல்லாம் சரி. ஆனா உண்மையான பிரிவு கம்பல்சரியா ஆப்ஷனலாங்கிறதுதான். ஆப்ஷனல்னா அவங்கவங்களுக்குன்னு அமைச்ச ரொட்டீன். கம்பல்சரி போட்டியில எல்லாப் பிள்ளையும் ஒரே ரொட்டீன், ஒரே இசை. ஐம்பது தடவை அதே பாட்டைக் கேட்டு அம்மா அப்பாவுக்கு மூளை குழம்பும். ஒரு பிள்ளையோட குணமே தெரியாது. உலக அளவுல 1996 ஒலிம்பிக்ஸோட கம்பல்சரியைத் தூக்கிட்டாங்க, சிறுவர் போட்டியில மட்டும் ஏன் பிடிச்சுத் தொங்கணும்?

#15 பழைய_பீம்

அங்கதான் நான் உங்களோட ஒத்துப்போகலை. சின்ன வயசுல கம்பல்சரி மாதிரி நியாயமான போட்டி கிடையாது. எல்லாருக்கும் ஒரே பாடம், யார் கால் நீளுது, யார் கை நேரா இருக்குன்னு நேரா தெரிஞ்சுடும். அமெரிக்காவுல லெவல் 1 முதல் 5 வரைக்கும் கம்பல்சரி, 6ல இருந்து ஆப்ஷனல். லெவல் 3 வரைக்கும் வால்ட் மேல தாவ விடறதே இல்லை. மெத்தைங்களை அடுக்கி, அது மேல கைநிலை போட்டு முதுகால நேரா விழணும். லெவல் 4லதான் வால்ட் மேல ஹேண்ட்ஸ்பிரிங். பொறுமை இல்லாத அப்பாக்களுக்கு இது எரிச்சல், பிள்ளைங்க தோளுக்கு இது நல்லது.

ஆப்ஷனல் வந்ததும் என்ன ஆகும் தெரியுமா? எஃப்ஐஜி மாதிரி டி ஸ்கோருக்கு வரம்பில்லாத போட்டியில 10 வயசுப் பிள்ளைக்கு அரைகுறையா வர்ற அசைவை உள்ள தள்ளுவாங்க. 0.3 கூடுதலா கிடைக்கும்னு. அதைத் தடுக்கத்தான் நல்ல அமைப்புங்க கீழ் ஆப்ஷனல் லெவல்கள்ல ஏ, பின்னு எளிய மதிப்புள்ள அசைவுங்களோட நிறுத்திக்கறாங்க. அதைத் தாண்டினா மார்க் கிடைக்காது, கழிப்பும் விழும். இந்த வரம்பு இருக்கா இல்லையாங்கிறதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் ஒரு இளையோர் போட்டிக்கும் இன்னொண்ணுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். பதக்கம், பொடியம் எல்லாம் அப்புறம்.

1980ல சோவியத் வீராங்கனை எலெனா முகினா தாமஸ் சால்ட்டோங்கிற அந்தரக் கரணத்தோட பயிற்சியில கழுத்து முறிஞ்சு, கழுத்துக்குக் கீழ அசைவில்லாம ஆனாங்க. மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கு ரெண்டு வாரம் இருந்துச்சு. அந்த மாதிரி உருண்டு இறங்குற சால்ட்டோக்களை அப்புறம்தான் தடை பண்ணாங்க. விதி எழுதறவங்க எதுக்கு மார்க் வைக்கிறாங்களோ அதைத்தான் கோச் சொல்லிக் குடுப்பார். நானும் அப்படித்தான்.

#16 மறுபக்கம்

சரி, வரம்பு வேணும்னு ஒத்துக்கறேன். கம்பல்சரி இசை பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கலை.

#17 ரிப்பன்காரி

எதுக்காக நடத்துறாங்கங்கிறதும் இருக்கு பழைய_பீம். தேர்வுப் போட்டின்னா முதல் மூணு பேருக்குத்தான் பதக்கம், மத்தவங்களுக்குக் கைதட்டல். க்ளப் நடத்துற போட்டின்னா பாதிப் பேருக்கு மேல ஏதாவது கிடைக்கும், 9க்கு மேல வாங்கினா ஒரு நிற ரிப்பன், 8க்கு மேல இன்னொரு நிறம்னு. இதுல எதுவும் தப்பில்லை. முதல் போட்டிக்குப் போற 6 வயசுப் பிள்ளையைத் தேர்வுப் போட்டிக்கு அனுப்பறதுதான் தப்பு.

போட்டியே இல்லாத திருவிழாவும் இருக்கு. வேர்ல்ட் ஜிம்னாஸ்ட்ரேடா 1953ல ராட்டர்டாம்ல ஆரம்பிச்சது, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. ஆயிரக்கணக்கானவங்க வந்து ஆடிட்டுப் போவாங்க. ஸ்கோர் இல்லை, இடம் இல்லை. எங்க பிள்ளைங்க ஸ்கோர் இல்லாத நிகழ்ச்சியிலதான் அழகா ஆடுதுங்க, அதையும் சொல்லணும்.

#18 ஆறு_கருவி

அணிக் கணக்கையும் யாராவது சொல்லணும். சிறுவர் போட்டியில க்ளப்ல இருந்து எத்தனை பேர் வேணா வரலாம், ஒவ்வொரு கருவியிலயும் மேல இருக்கிற மூணு ஸ்கோரை எடுத்துக்குவாங்கன்னு ஒரு வகை. பெரிய க்ளப்புக்குக் கொண்டாட்டம், 20 பேர்ல மூணு பேர் நல்லா பண்ணா போதும். ஜூனியர் உலகப் போட்டியில அப்படி இல்லை. 2019ல ஹங்கேரி கியோர்ல முதல் தடவை நடந்தப்போ அணிக்கு 3 பேர், ஒவ்வொரு கருவியிலயும் ரெண்டு ஸ்கோர் எண்ணுவாங்க. ஒருத்தர் விழலாம், ரெண்டு பேர் விழுந்தா முடிஞ்சது. அதுக்கு முந்தின வருஷம் 2018ல பியூனஸ் ஐரிஸ் யூத் ஒலிம்பிக்ஸ்ல வேற நாட்டுப் பிள்ளைங்க, வேற பிரிவுப் பிள்ளைங்க எல்லாரையும் கலந்து அணியாக்கி, சிமோன் பைல்ஸ் மாதிரி பெரிய பேருங்களை அணிக்கு வச்சாங்க. டிராம்போலின் பையனுக்கு ரிதமிக் பொண்ணு கத்தி உற்சாகப்படுத்துறதை அங்கதான் பார்த்தேன், டிவியிலதான்.

நார்டிக் நாடுகள்ல இருந்து வந்த டீம்ஜிம்ல தனி ஸ்கோரே கிடையாது. முழுக்க அணிதான்.

#19 கார்ட்வீல்_அம்மா

எல்லாருக்கும் நன்றி. மூணாவது போட்டியோட விதித் தாளை வாங்கிட்டேன். பீம்ல எஃப்ஐஜி முறை, 4 தேவைகள், ஒவ்வொண்ணும் 0.5, விழுந்தா 1.0னு போட்டிருக்கு. "7 அசைவுக்குக் குறைந்தால் 4.0 கழிவு"ன்னும் இருக்கு. பொண்ணு பீம்ல சரியா 7 அசைவு பண்றா, 5 ஏ, 2 பின்னு கோச் சொன்னார். நடுவர் சார், இதுல எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

#20 நடுவர்_மேசை

தாளை வாங்கியது நல்ல காரியம். கணக்கு போடலாம்.

ஏ 0.1, பி 0.2. ஐந்து ஏ, இரண்டு பி: 0.9. தேவைகளில் ஒன்று அக்ரோ தொடர், அதாவது கரண அசைவுகளின் தொடர். பறக்கும் அசைவுகள் இரண்டு சேர்ந்து வர வேண்டும், அதில் ஒன்று சால்ட்டோ. 9 வயதில் பீமில் அது இருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றும் இருந்தால் 1.5. டி ஸ்கோர் 2.4. இரண்டாவது போட்டியில் 8.35 வந்தது என்றால், கழிப்பு கடுமையான இந்த முறையில் இ ஸ்கோர் ஏழரையை ஒட்டி வரலாம். மொத்தம் 10க்கு அருகில். அதை "10 வாங்கிவிட்டாள்" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த 7. எஃப்ஐஜியின் 2022-24 விதிநூலிலும் இதே கழிவு இருந்தது, பெரியவர்களை மனதில் வைத்து எழுதியது. பதற்றத்தில் ஒரே ஒரு அசைவை விட்டுவிட்டாலும் 4 மார்க் போய்விடும். கோச்சிடம் சொல்லி எளிதான ஏ அசைவு ஒன்றிரண்டைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

#21 கார்ட்வீல்_அம்மா

அய்யோ, 4 மார்க்கா. இன்னைக்கே சொல்றேன். ஸ்கோர் தப்புன்னு தோணினா நடுவர்கிட்டப் போய்க் கேட்கலாமா?

#22 நடுவர்_மேசை

பெற்றோர் கூடாது. கோச் மட்டும்தான், அதுவும் எஃப்ஐஜி முறையில் டி ஸ்கோர் பற்றி மட்டும்தான் முறையிடலாம். இ ஸ்கோர் நடுவரின் தீர்ப்பு, அதில் முறையீடு கிடையாது. நேர வரம்பும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்காகக் கொடுத்த முறையீடு 1 நிமிடத்துக்குள் வந்ததா, 4 விநாடி தாமதமா என்பதே வழக்காகி விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. சிறுவர் போட்டியில் முறையீடு உண்டா, எவ்வளவு நேரத்துக்குள், வீடியோ பார்ப்பார்களா என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். பல இடங்களில் வீடியோ பார்க்க மாட்டார்கள்.

#23 பழைய_பீம்

தாளை வச்சுட்டிருக்கும்போதே ஃப்ளோர் இசை நீளத்தையும் பார்த்துடுங்க. எஃப்ஐஜின்னா 90 விநாடிதான் அதிகபட்சம்.

#24 கார்ட்வீல்_அம்மா

96 விநாடி இருக்கு சார்! எந்த இடத்துல வெட்டுறது?

#25 பழைய_பீம்

ஆரம்பத்துல அவ அசையாம நின்னுட்டிருக்கிற இடம் இருக்கும், அங்க 3 விநாடி எடுக்கலாம். மீதி 3 விநாடி ரெண்டாவது டம்பிளிங் பாஸுக்கு முன்னாடி மூலையில நடந்து போற இடத்துல. கடைசி பாஸ் பக்கம் கை வைக்காதீங்க, மூச்சு வாங்க நேரம் வேணும். வெட்டினதும் கோச்கிட்ட குடுத்து ரெண்டு வாரமாவது புது ஃபைல்லயே பழக்கச் சொல்லுங்க.